ஆடியில் முடிந்த அக்ரிமென்ட்

திருச்சி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய அக்ரிமென்ட் நகலை நிதானமாகப் படித்தேன். உன் அப்பாவிடமும் போனில் பேசினேன். பேசினேன் என்று சொல்வதைவிட அவன் பேசியதைக் கேட்டேன் என்பதே சரி. "நம்ம நிலத்தை அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து அமுக்கப் பாக்கறாங்க" என்று, நிலத்தை விற்க ஒப்புக்கொண்டவரையும் அவர் தங்கையையும் பற்றித் திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். கோபமாக இருப்பவனிடம் சட்டம் பேசினால் உள்ளே இறங்காது. அந்த வீட்டில் காகிதத்தைப் பொறுமையாகப் புரட்டக்கூடிய ஆள் நீதான். அதனால் உனக்கு எழுதுகிறேன். நேரம் பார்த்து அவனுக்கு எடுத்துச் சொல்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். லால்குடிப் பக்கத்து அந்த அறுபது சென்ட் இன்னும் நம்முடையது ஆகவில்லை. 36 லட்சத்துக்குப் பேசி, 8 லட்சம் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஆகவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவுசெய்த பத்திரத்தால்தான் விற்க முடியும். விற்பதாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் தன்னளவில் அந்த நிலத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது. "அக்ரிமென்ட் போட்டாச்சு, இனி நம்ம நிலம்தான்" என்று ஊரில் சொல்வார்கள். கோர்ட்டில் அந்தப் பேச்சு நிற்காது.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு பெங்களூரு வழக்கைச் சொல்கிறேன். ஆற்காடு நாராயணசாமி முதலியார் பெயரில் அங்கே பழைய கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் அனுபவத்தில் இருந்த இடத்தை வேறு யாரிடமிருந்தோ வாங்குவதாக அக்ரிமென்ட் போட்டு, 75 லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு இருவர் வந்தார்கள். அந்த நிறுவனத்தின் மேலேயே தடையாணை கேட்டு வழக்கும் போட்டார்கள். சாட்சி விசாரணை வரைக்கும்கூடப் போகவிடாமல், பிராதையே தள்ளிவிட்டது உச்ச நீதிமன்றம். அக்ரிமென்ட் வைத்திருப்பவர், அதில் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்க முடியும். மூன்றாம் ஆளிடம் போய் நிலத்தை உரிமை கொண்டாட முடியாது என்றது. அதே தீர்ப்பில், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்தேன் என்று யாராவது வழக்குப் போட்டால் வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுக்கச் சொல்லிக் கீழ்க் கோர்ட்டுகளுக்கு உத்தரவும் போட்டது. உன் அப்பா கொடுத்த எட்டில் ஐந்துதான் செக். மீதி மூன்று ரொக்கம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நம் விஷயத்தில் இரண்டு சண்டைகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, கையெழுத்துப் போட்ட அண்ணனோடு: சொன்னபடி பத்திரம் எழுதித் தருவாரா மாட்டாரா என்பது. இன்னொன்று, கையெழுத்தே போடாத தங்கையோடு: அந்த நிலத்தில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது. முதல் சண்டையைத் தீர்மானிப்பவை தேதிகளும் உன் அப்பா நடந்துகொண்ட விதமும். இரண்டாவதைத் தீர்மானிப்பது அவர்கள் வீட்டுப் பழைய பத்திரங்கள். இரண்டையும் ஒரே வழக்கில் முடித்துவிடலாம் என்று யாராவது வக்கீல் சொன்னால் கொஞ்சம் யோசி. 2005-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. பத்திரம் எழுதித் தரச் சொல்லிப் போடும் வழக்கில், அந்த நிலம் எனக்கே சொந்தம் என்று தனியாக உரிமை கேட்கும் வெளியாளைப் பிரதிவாதியாகச் சேர்த்து, அவர் உரிமையை அங்கே அலசக் கூடாது. ஆக, உன் அப்பா வழக்கில் ஜெயித்தாலும் அண்ணனிடம் இருக்கும் உரிமை மட்டும்தான் பத்திரமாக வரும். தங்கையின் பங்கு உண்மையானால், பத்திரத்தோடு ஒரு பாகப்பிரிவினை வழக்கும் சேர்ந்து வரும்.

அண்ணன் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அக்ரிமென்ட் பதிவாகவில்லை. உன் பயம் அதில்தான் என்று எழுதியிருந்தாய். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்திருத்தம் இருக்கிறது. ஆனால் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பதிவாகாத ஒப்பந்தத்தையும், பத்திரம் எழுதித் தரக் கேட்கும் வழக்கில், அதாவது கோர்ட் தமிழில் 'ஏற்றதை ஆற்றக் கோரும்' வழக்கில், சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் இந்த விதிவிலக்கு நிற்கிறது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வழக்குப் போட வழி இருக்கிறது.

பதிவு செய்யாததால் இழந்தவையும் உண்டு. பங்குனியில் உன் அப்பா கல் ஊன்றி, கம்பி வேலி போட்டானே, அது எதற்கும் உதவாது. ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் வாங்கியவரைக் காப்பாற்றும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு, 2001 செப்டம்பருக்குப் பிறகு பதிவான ஒப்பந்தத்துக்குத்தான் பொருந்தும். நம் அக்ரிமென்ட்டிலோ சுவாதீனம் ஒப்படைத்ததாக ஒரு வரிகூட இல்லை. இன்னொன்று, வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் மூன்றாவது ஆள் கண்ணில் நம் அக்ரிமென்ட் படாது. அண்ணன் நாளைக்கே வேறொருவருக்குப் பத்திரம் போட்டுக்கொடுத்தால், அவர் "எனக்கு எதுவும் தெரியாது, முழுப் பணமும் கொடுத்து நல்லெண்ணத்தில் வாங்கினேன்" என்று நிற்பார். அப்படி வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும். ஆகவே அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் அன்றே தினசரி ஒன்றின் திருச்சிப் பதிப்பில் புல எண், விஸ்தீரணம், எல்லைகளோடு பொது அறிவிப்பு ஒன்று கொடுத்துவிடுங்கள். பிறகு வருகிறவர் "எனக்குத் தெரியாது" என்று சுலபமாகச் சொல்ல முடியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழக்குப் போட்ட பிறகுதான் துணைக்கு வரும்.

இனி தேதிகள். உன் அப்பாவின் பலவீனம் இங்கேதான்.

அக்ரிமென்ட் தையில் எழுதியது. ஆறு மாதக் கெடு. கெடு முடிந்தது ஆடியில். ஆடியில் யார் பத்திரம் போடுகிறார்கள்? ஆடிப்பெருக்கு ஒன்றை விட்டால் சார்பதிவாளர் அலுவலகமே ஓய்ந்துதான் கிடக்கும். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாளில் டோக்கன் கிடைக்காமல் அலைவார்கள். உன் அப்பாவும் ஊர் வழக்கப்படி "ஆவணியில் வெச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான், அண்ணனும் தலையாட்டியிருக்கிறார். ஊரில் இது தப்பே இல்லை. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இதை எப்படிக் கேட்பார் தெரியுமா? "கெடுவுக்குள் மீதிப் பணத்தோடு நீங்கள் வந்தீர்களா, இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்." சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு ஆடி மாதத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

1963-ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தில் 16(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த மாதிரி வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிரிவில்தான் விழுந்தன, எழுந்தன என்பேன். வாங்குபவர் தன் பங்கைச் செய்ய எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். தயார் என்றால் கையில் பணம் இருந்தது. விருப்பம் என்றால் அதை நடத்தையில் காட்டினார். 2018 அக்டோபர் 1 முதல் வந்த திருத்தத்துக்கு முன்னால், எல்லாம் சரியாக இருந்தாலும் பத்திரம் போடச் சொல்வதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. இப்போது அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டார்கள். 16(சி) கேட்கும் நிரூபணம் மட்டும் இன்னும் இருக்கிறது. நாம் தயாராக இருந்ததைக் காட்டாவிட்டால் புதிய சட்டமும் கைகொடுக்காது.

மதுரை வீடு ஒன்றின் கதையைச் சிவில் பக்கம் நிற்கிற எல்லா வக்கீலும் சொல்வார்கள். 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்குப் பேசி 5,000 முன்பணம் கொடுத்தார்கள். ஆறு மாதக் கெடு. வாங்குபவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு 1981-இல் பத்திரம் கேட்டு வந்தார். காலக்கெடுச் சட்டத்தின் 54-ஆம் இனப்படி, ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அவர் அதற்குள்தான் வந்தார். இருந்தும் 1997-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்திரம் தர மறுத்துவிட்டது. நகரத்தில் நில விலை குதித்துக்கொண்டிருக்கும் காலத்தில், சின்ன முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் வேடிக்கை பார்த்தவருக்குப் பழைய விலையில் வீட்டைக் கொடுப்பது நியாயமா என்று கேட்டது. 2011-இல் வந்த இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அசையாச் சொத்து வியாபாரத்தில் கெடு அத்தனை முக்கியமில்லை என்பது விலை ஏறாத காலத்துக் கொள்கை. அதை மறுபடி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றார்கள். அந்த ஒப்பந்தம் எழுதியது 1981 ஜனவரி, கடைசித் தீர்ப்பு 2011 ஜூலை. இந்த இரண்டு தேதியையும் உன் அப்பாவிடம் மெல்லச் சொல்லிப் பார். "கோர்ட்டில் பார்த்துக்கறேன்" என்று கத்துவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பான்.

நம்மிடம் என்ன இருக்கிறது? நான் நினைத்ததைவிட நிறையவே இருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முன்னால் உன் அப்பா அந்த அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் "ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறான். "சரிங்க சார்" என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து கெடுவைத் தள்ளிவைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தப் போனை மாற்றாதே, பழுது பார்க்கக் கொடுக்காதே, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதே. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி இந்த மாதிரிப் பதிவுகளோடு சான்று ஒன்றும் தாக்கல் செய்ய வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்ததோடு வேலை முடிந்ததென்று மட்டும் நினைத்துவிடாதே.

அடுத்து பணம். மீதி 28 லட்சத்துக்கு அவன் என்ன ஏற்பாடு செய்திருந்தான்? டெபாசிட் ரசீது, பிஎஃப் பணம் வந்த தேதி, வங்கிக் கடன் அனுமதிக் கடிதம் என்று தையிலிருந்து இன்றுவரை மாதவாரியாகக் காட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர். வழக்குப் போடும்போதே மீதிப் பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோர்ட் சொன்னால் கட்டினால் போதும். ஆனால் கட்டச் சொன்ன நாளில் கையை விரித்தால் அன்றோடு கதை முடிந்தது. உன் கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக் காட்டினான் என்றால் எனக்குத் தனியாகச் சொல்.

இப்போது அந்த மூன்று லட்சம் ரொக்கம். 2015 ஜூனிலிருந்து, நிலத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியவருக்கே அதே அளவு தண்டம். விவசாய வருமானம் மட்டும் உள்ள இரண்டு பேருக்குள் நடந்தால் விலக்கு உண்டு. உன் அப்பா பென்ஷன்காரன், அதற்குள் வரமாட்டான். கொடுத்தவன் தரப்பில் சிக்கல் வேறு மாதிரி. அக்ரிமென்ட்டில் "எட்டு லட்சம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறது, அது நல்லது. ஆனால் வங்கி வழியாகப் போனது ஐந்துதான் என்பதால் எதிர்த்தரப்பு ஒரு பழைய ஆயுதத்தை எடுக்கக்கூடும்: "இது விற்பனைக்குப் போட்ட அக்ரிமென்ட்டே இல்லை, ஐந்து லட்சம் கைமாற்றுக்கு ஈடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்."

எல்லாரும் அப்படிச் சொல்வது பொய் என்று எண்ணிவிடாதே. நம் பக்கத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்கள் புரோநோட்டோடு நிறுத்துவதில்லை. கிரய அக்ரிமென்ட்டும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். வட்டி ஏறி நின்ற பிறகு அதை வைத்துப் பத்திரம் கேட்டு வழக்குப் போடுவார்கள். நிலத்தின் மதிப்பில் கால்வாசிகூட இல்லாத 'விலை', பதினோரு மாதம் அல்லது மூன்று வருடக் கெடு, தாய்ப்பத்திரம் பார்க்காமல், அளக்காமல் எழுதிய அக்ரிமென்ட் என்று வந்தால் நீதிபதிக்கே வாசனை அடித்துவிடும். எழுத்தில் விற்பனை என்றிருந்தாலும் அது வெறும் போர்வை, உண்மையில் கடன் என்று நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. நம் அக்ரிமென்ட் அந்த ரகமல்ல. சென்ட் 60,000 என்பது அன்றைய ஊர் விலைதான். அதே வாரத்தில் சர்வேயரை வைத்து அளந்தீர்கள் அல்லவா, அவருக்குக் கொடுத்த கூலி ரசீதும் வரைபடமும் இருந்தால் எடுத்துவை. நிலம் வாங்கப் போகிறவன்தான் அளப்பான், கடன் கொடுத்தவன் அளக்க மாட்டான்.

இனி தங்கை. அவர் பேரில் உன் அப்பாவுக்கு இருக்கும் கோபம் எனக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு முப்பது பவுன் போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இப்ப எதுக்குப் பங்கு?" என்று அண்ணன் சொன்னதை இவனும் வாங்கித் திருப்பிச் சொல்கிறான். நகையும் சீரும் பங்குக்கு ஈடாகாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்தார் என்றால் பதிவான விடுதலைப் பத்திரம் எங்கே? அது இல்லையென்றால் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

அவருக்குப் பங்கு உண்டா என்பது நிலம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. அவர்கள் அப்பா தாமே சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. இதில் விவாதமே இல்லை. தாத்தா வழி வந்த பூர்வீகச் சொத்தானால் கொஞ்சம் வரலாறு தேவை. தமிழ்நாடு 1989 மார்ச் 25-இலேயே மகளுக்கும் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை, மகளுக்குப் பங்கு பிறப்பால் வருவது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையோ கோர்ட் தீர்ப்போ நடந்து முடிந்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

"பட்டா அண்ணன் பேரில்தானே இருக்கிறது?" என்று நீ கேட்டிருந்தாய். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. யாரிடம் தீர்வை வாங்குவது என்பதற்கு எழுதிவைத்தது. அதில் பெயர் இருப்பது உரிமைக்கு ஒரு துணைச் சாட்சி, அவ்வளவுதான். அப்பா இறந்ததும் மகன் பேரை மட்டும் ஏற்றிக்கொள்வது கிராமங்களில் காலகாலமாக நடப்பது. சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதும் அப்படித்தான். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதியின் ஒரு பகுதி அந்த வேலையை அவர் தலையில் கட்டப் பார்த்தது; 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. உரிமையை ஆராய வேண்டியது வாங்குபவர்தான். தையில், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வாரிசுச் சான்றைக் கேட்டிருந்தால் தங்கையின் பெயர் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். லீகல் ஒப்பீனியனுக்கு ஆகும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் எட்டு லட்சத்தை நிலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வழக்கு என்று வந்தால் சில கண்ணிகள் இருக்கின்றன. வக்கீலிடம் போகும்போது நீ கூட இருந்து இவற்றைக் கேள்.

அண்ணன் "கெடு முடிந்தது, ஒப்பந்தம் ரத்து, முன்பணம் பறிமுதல்" என்று நோட்டீஸ் அனுப்பக்கூடும். வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள். அதன் பிறகு பத்திரம் மட்டும் கேட்டு வழக்குப் போட்டால் போதாது. அந்த ரத்து செல்லாது என்று விளம்புகையும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அவசரத்தில் "முதலில் வேறு யாருக்கும் விற்காமல் ஒரு தடை வாங்கிவிடுவோம், பத்திர வழக்கைப் பிறகு போடலாம்" என்று சில வக்கீல்கள் கிளம்புவார்கள். ஒரே காரணத்தில் பிறக்கும் பரிகாரங்களை ஒரே வழக்கில் கேட்காமல், கோர்ட் அனுமதியும் வாங்காமல் விட்டால், பிறகு கேட்க முடியாது. 2012-இல் சென்னையிலிருந்து போன வழக்கு ஒன்றில் ஒரு நிறுவனம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. முதலில் போட்ட தடை வழக்கே இரண்டாவது வழக்குக்கு வினையாயிற்று.

பத்திரம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று மாற்றுப் பரிகாரமாகப் பிராதிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காததைக் கோர்ட் தானாகத் தராது என்று குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. விற்பவர் பேரில் தவறு என்றால், நாம் கொடுத்த பணத்துக்கு அந்த நிலத்தின் மேலேயே பொறுப்பு ஏற்றி வசூலிக்கும் உரிமையும் நமக்கு உண்டு (சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு). பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

செலவு? இந்த வழக்குக்குக் கோர்ட் கட்டணம் ஒப்பந்த விலையின் மேல். 2017-இல் தமிழ்நாடு அதை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது. 36 லட்சத்துக்கு 1,08,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. வாய்தாவுக்கு அலைவது தனி.

வழக்கு நடக்கும்போது சமரச மையத்தில் பேசி முடித்தால் கட்டியது முழுதும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று, நம் உயர் நீதிமன்றம் சொன்னதை 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. லோக் அதாலத்தில் முடிந்தால் அந்தத் தீர்வு கோர்ட் டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதால் எதுவும் ஆகாது. சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கொடுத்து, "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அதைவிட மோசம், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை வைத்து இரண்டு வண்டி ஆட்களோடு வேலியைக் காக்கப் போவது. அப்படி ஏதாவது செய்தால் எதிர்த்தரப்பு கிரிமினல் புகார் கொடுக்கும். இதுவரை நியாயம் நம் பக்கம் இருந்ததும் போகும். அந்த எண்ணம் அவனுக்கு இருக்கிறது, போனில் குரலிலேயே தெரிந்தது. நீ அதை நிறுத்து.

நான் சொல்லும் வழி இது. முதலில், வக்கீல் மூலமாக அண்ணனுக்கு ஒரு நோட்டீஸ். கடுமையான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். ஒப்பந்தத் தேதி, கொடுத்த தொகை, ஆவணி வரை தள்ளிவைத்துப் பேசிக்கொண்டது, மீதி 28 லட்சம் தயாராக இருப்பது எல்லாம் அதில் இருக்கட்டும். இன்ன தேதியில் இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டுக் காத்திருப்போம் என்பதும் இருக்கட்டும். தேதியில் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். அந்த நாளில் உன் அப்பா டிடியோடு அங்கே போய் நிற்க வேண்டும். அண்ணன் வராவிட்டால், வந்து காத்திருந்தோம் என்று அன்றே இன்னொரு கடிதம். ஆடியில் செய்யாததை இப்போது செய்வது முழு ஈடாகாது. ஆனாலும் இந்த ஒரு நாள், வாட்ஸ்அப் பதிலோடு சேர்ந்து, சாட்சிக் கூண்டில் உன் அப்பாவுக்கு நிறையப் பலம் கொடுக்கும்.

கூடவே, தங்கையைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா வேண்டாம். நீயும் உன் அம்மாவும் போங்கள். அவரிடம் நிலத்தைப் பற்றி வாதாட வேண்டாம். "உங்களுக்குப் பங்கு இருந்தால் அதை நாங்கள் மறுக்கவில்லை, பத்திரத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் உங்கள் பங்குப் பணத்தை நேராக உங்கள் கணக்கிலேயே போடுகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்த மாதிரித் தகராறுகளில் பாதிப் பெண்களுக்கு நிலம் முக்கியமே இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கும். அண்ணன் இப்போது சென்ட்டுக்கு 20,000 அதிகம் கேட்பதும்கூட, தங்கைக்குக் கொடுக்க வேண்டியதை நம் தலையில் கட்டும் கணக்காக இருக்கலாம். அப்படியானால் 12 லட்சம் முழுதையும் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு லட்சம் ஏற்றிக் கொடுத்து, அண்ணன், தங்கை, அவர்கள் அம்மா உயிரோடு இருந்தால் அவர், மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் ஒரே கிரயப் பத்திரமாக முடித்தால் நான் சம்மதிப்பேன். உன் அப்பா "எதுக்கு ஒரு ரூபா கூடக் கொடுக்கணும்?" என்பான். கோர்ட் கட்டணத்தையும் பத்து வருட வக்கீல் ஃபீஸையும் கூட்டிப் பார்க்கச் சொல்.

தங்கை ஒப்பவில்லை, அண்ணனும் தன் பங்கை மட்டும் எழுதித் தரத் தயார் என்றால் அதுவும் ஒரு வழிதான். விலையைக் குறைத்து அந்தப் பங்கை மட்டும் வாங்க குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆனால் பிரிக்காத நிலத்தில் பாதிப் பங்குக்காரனாக உட்கார்ந்து பாகப்பிரிவினை வழக்கு நடத்துவதற்கு உன் அப்பாவின் வயதும் உடம்பும் இடம் கொடுக்காது. அந்த நிலை வந்தால் எட்டு லட்சத்தையும் வட்டியையும் வாங்கிக்கொண்டு விலகிவிடு என்றுதான் சொல்வேன். ரத்து ஒப்பந்தம் எழுதி, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே அசல் அக்ரிமென்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நீ வரும் ஞாயிறு ஊருக்கு வரும்போது வழியில் திருச்சியில் இறங்கு. அக்ரிமென்ட்டின் அசல், வங்கி ஸ்டேட்மென்ட், சர்வேயர் வரைபடம், உன் அப்பாவின் போன், நான்கையும் எடுத்து வா. தாய்ப்பத்திர நகல் அவர்கள் கொடுக்கவில்லை என்றால் பரவாயில்லை. பதிவுத் துறை இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து 1975-லிருந்து வில்லங்கச் சான்று போட்டுப் பார். நிலம் அவர்கள் அப்பா வாங்கியதா, தாத்தா காலத்ததா என்பது அதிலேயே தெரிய வாய்ப்பிருக்கிறது. அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்லலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா